உப்பு மண்ணில் ஒரு டிராக்டர் பட்டறை

நாகப்பட்டினத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், வேளாங்கண்ணி, திருப்பூண்டி தாண்டி வேதாரண்யம் வரும். அங்கிருந்து கோடியக்கரை செல்லும் வழியில் இருக்கிறது அகத்தியம்பள்ளி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்புப் பாத்திகள். 1930-ம் ஆண்டு திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்த தொண்டர்கள், ஏப்ரல் 30-ம் தேதி சட்டத்தை மீறி உப்பு அள்ளியது இங்கேதான்.

உப்பு விளையத் தோதான இந்தக் கடற்காற்று, இரும்புக்கு மட்டும் ஆகாது. ஜன்னல் கம்பி முதல் பம்ப்செட் வரை எதையும் விட்டுவைப்பதில்லை.

வேதாரண்யத்தை ஒட்டிய ஒரு பட்டறையில், முன் சக்கரங்கள் கழற்றப்பட்டு ஜாக்கியில் நிற்கிறது ஒரு பழைய டிராக்டர். சம்பா பருவத்தில் உழவு, கோடையில் டிரெய்லரில் உப்பு மூட்டை. உரிமையாளரான விவசாயிக்கு இதுதான் பிழைப்பு. ஸ்டீயரிங் திருப்பவே முடியாத அளவுக்கு இறுகிவிட்டது என்று கொண்டுவந்திருக்கிறார்.

“தம்பி, மேலாப்புல சுரண்டிட்டு பெயின்ட் அடிச்சுக் குடுத்துடு. பத்து நாள்ல உழவு ஆரம்பிச்சுடும்” என்கிறார்.

“பெயின்ட் அடிக்கிறது அரை நாள் வேலைண்ணே. உள்ள என்ன இருக்குன்னு பாத்துருவோம்” என்கிறார் மெக்கானிக்.

துரு ஏன் இறுக்குகிறது?

ஈரமும் காற்றும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும். அந்த ஈரத்தில் உப்பு கலந்தால் மின்கடத்தும் தன்மை கூடி, அரிப்பு வேகமெடுக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் தேவை. அதனால்தான் ஸ்பிண்டிலுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே துரு ஏறியதும் இரண்டும் இறுகிக்கொள்கின்றன. உள்மாவட்ட விவசாயிகளும் இதைக் கவனிக்க வேண்டும். மியூரேட் ஆஃப் பொட்டாஷ் உரத்திலும் குளோரைடு உண்டு. உரம் ஏற்றிய வண்டியைக் கழுவாமல் விட்டால் இதே கதிதான்.

வேலை நடக்கும் விதம்

முதலில் சேறும் பழைய கிரீஸும் போகக் கழுவுகிறார்கள். இறுகிய ஸ்பிண்டிலுக்கு டீசல் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மரக்கட்டை வைத்துத் தட்டி எடுக்கிறார்கள். கேஸ் வைத்துச் சூடாக்குவதில்லை. பதம் ஏற்றிய இரும்பு பலம் இழந்துவிடும்.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகு ஒரு சோதனை. ஸ்பிண்டில் மேல் மண்ணெண்ணெய் தடவி, சற்றுப் பொறுத்து, நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூளைப் பூசுகிறார் மெக்கானிக். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து கோடு காட்டும். இடது ஸ்பிண்டிலின் கழுத்தில் மயிரிழை போல ஒரு கருங்கோடு தெரிகிறது.

விவசாயி குனிந்து பார்க்கிறார். அந்தச் சக்கரத்தை நம்பித்தான் போன வாரம் வரை மூட்டை ஏற்றிய டிரெய்லரை இழுத்திருக்கிறார். “புதுசே போட்டுரு தம்பி” என்பதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை.

குழி விழுந்த பேரிங், ஆயில் சீல், புஷ் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் அச்சை மட்டும் மறுபடி கழுவுகிறார்கள். துருக்குழிக்குள் தங்கிய உப்பு போகாவிட்டால், பெயின்டுக்கு அடியிலேயே துரு வளரும். ஆனால் பட்டறை போர் தண்ணீரே உப்பு! அதனால் டிரம்மில் பிடித்து வைத்த மழைநீரைத்தான் இதற்கு எடுக்கிறார்கள்.

வெயிலில் காய்ந்ததும், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி பூசப்படுகிறது. மிச்சமுள்ள மெல்லிய துருவை அது இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். கையுறை, கண்ணாடி அவசியம். பேரிங், புஷ் பக்கம் படக்கூடாது. பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு பூச்சு, நன்றாக உலர்ந்ததும் எனாமல். ஸ்பிண்டில் சுழலும் இடத்தில் பெயின்ட் கிடையாது, கிரீஸ் மட்டுமே.

ஒரு வாரத்தில் டிராக்டர் வெளியே வருகிறது. ஸ்டீயரிங் ஒற்றைக் கையில் திரும்புகிறது. நிப்பிளில் பழைய கிரீஸ் வெளியே தள்ளும் வரை அடிப்பது எப்படி என்று மெக்கானிக் காட்டிக் கொடுக்கிறார்.

“சேத்துல இறங்குனாலும், உப்பு ஏத்துனாலும் அன்னிக்கே நல்ல தண்ணியில கழுவிடுங்கண்ணே. மறுநாள்னு விடாதீங்க.”

“குடிக்கிற தண்ணியவே தூக்கிட்டுதான் வரோம். இதுக்கும் ரெண்டு குடம் சேத்துத் தூக்குறேன்” என்றபடி வண்டியைக் கிளப்புகிறார் விவசாயி.