விலாசம் மாறிய வேளை

சென்ற மாதம் ஓரிரவு, கனடாவிலிருக்கும் தமையனாருடன் கைத்தொலைபேசியிற் பேசியவாறே முற்றத்தைக் கடந்து படலையடிக்கு வந்தேன். பேச்சு அறுந்தது. வீட்டு வைஃபை அலை அங்கு எட்டாது. கருவியோ உடனே கோபுரத்து அலையைப் பற்றிக்கொண்டது. பின்னும் ஏன் அறுந்தது? தமிழாசிரியனாகிய எனக்கு விளங்கவில்லை.

இக்கல்லூரியில் என்னிடம் தமிழ் கற்று, இன்று அத்துறையிற் பணிபுரியும் ஒருவர் விளக்கினார். கோபுரம் விட்டுக் கோபுரம் மாறுகையில், கருவி அயற்கோபுரங்களின் அலைவலிமையை அளந்து அறிவித்தவண்ணமிருக்கும். வலையமைப்பே புதிய இடத்தை ஆயத்தஞ்செய்து கைமாற்றும். ஆதலால் ஓடும் பஸ்ஸிலும் பேச்சுக் குலைவதில்லை. வைஃபையை விட்டுக் கோபுரத்துக்குத் தாவுகையிலோ இணைய விலாசமே மாறிவிடுகின்றது. மறுமுனை பழைய விலாசத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதைக் கேட்டதும் 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதி என் கண்முன் வந்தது. வலிகாமத்தை விட்டு வெளியேறினோம். தமையனார் பழைய விலாசத்துக்கே எழுதினார். ஒரு கடிதமும் எம்மை அடையவில்லை. நாம் உயிரோடிருப்பதை அவர் பல மாதம் அறியார்.

மறு ஆண்டு, 1996 இல், 'மொபைல் ஐபி' என்னும் விதி வெளியாயிற்றாம். சொந்த வலையமைப்பில் ஒரு முகவர் நின்று, வருவனவற்றைப் புதிய விலாசத்துக்குத் திருப்பிவிடும். நல்ல தபாலதிபர் செய்யும் வேலைதான். கைத்தொலைபேசிகளில் அது பெரிதும் பரவவில்லை. 2021 இல் விதியாக வெளிவந்த 'குவிக்' முறையில் இணைப்புக்கென்றே ஓர் அடையாள எண் உண்டு. விலாசம் மாறினும் அவ்வெண்ணைக் கண்டு மறுமுனை தொடரும்.

அன்றிரவு தமையனார் உடனே மீள அழைத்தார். குரலிற் பதற்றம்.

“எங்கையடா போனனீ?”

“படலையடிக்குத்தான், அண்ணை.”