'எத்தனை மார்க்?' சரி... 'வாசிச்சுக் காட்டு' என்று கேட்டதுண்டா?

ஒரே ஒரு தாள்தான். அதில் தனித்தனியாகச் சில எழுத்துகள், பக்கத்தில் சில எளிய சொற்கள், நாலு வாக்கியத்தில் ஒரு பத்தி, கடைசியாக ஒரு குட்டிக் கதை. பத்தி முதல் வகுப்புத் தரம். கதை இரண்டாம் வகுப்புத் தரம். இந்தத் தாளை வைத்துக்கொண்டு 2005-ம் ஆண்டு முதல் தன்னார்வலர்கள் இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்வருகிறார்கள். மாவட்டத்துக்கு 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள். 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிவைத்த இந்தக் கணக்கெடுப்புக்கு 'அசர்' என்று பெயர். இந்தியில் 'தாக்கம்' என்று பொருள்.

ஸ்கூலுக்குப் போகாமல் ஏன் வீட்டுக்குப் போகிறார்கள்? அன்றைக்கு லீவு போட்ட பிள்ளை, படிப்பையே நிறுத்திவிட்ட பிள்ளை, அரசுப் பள்ளிப் பிள்ளை, தனியார் பள்ளிப் பிள்ளை என எல்லோரும் கிடைக்கும் ஒரே இடம் வீடுதான். இன்னொரு லாபமும் உண்டு. திண்ணையில் பிள்ளை வாசிக்கும்போது, அடுப்படியிலிருந்து அம்மாவும் எட்டிப் பார்ப்பார். சில அம்மாக்களுக்கு, தன் பிள்ளை புத்தகத்தில் இல்லாத ஒன்றை வாசிப்பதைக் கேட்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சோதிக்கும் முறையில் ஓர் அழகு இருக்கிறது. முதலில் பத்தியைக் கொடுப்பார்கள். சரளமாக வாசித்தால் கதைக்குப் போகலாம். தடுமாறினால் சொற்களுக்கு இறங்க வேண்டும். அதுவும் வரவில்லையா? எழுத்துகள். பிள்ளைக்கு எது வருகிறதோ, அந்த இடத்தில் சோதனை முடிந்துவிடும். 'ஃபெயில்' என்ற சொல்லுக்கே அங்கு வேலை இல்லை. இந்தப் பிள்ளை இந்தப் படியில் நிற்கிறாள், அவ்வளவுதான். முழுசாகப் பார்த்தாலும் ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள் போதும்.

பரீட்சை மார்க் இதைச் சொல்லிவிடாதா என்றால், பல நேரங்களில் சொல்லாது.

வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம். அந்த அம்மா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார். மகள் மூன்றாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தைத் திறந்துவைத்தால் மடமடவென்று படிப்பாள், மார்க்கும் மோசமில்லை. ஒருநாள் சாயங்காலம், காஜா எடுத்துக்கொண்டே மகள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒன்றைக் கவனித்தார். மகளின் வாய் மூன்றாவது வரிக்குப் போய்விட்டது. விரல் இரண்டாவது வரியிலேயே நிற்கிறது.

பக்கத்தில் கிடந்த ஜவுளிக்கடை நோட்டீஸை எடுத்து நீட்டினார்.

"இதப் படி பாப்பா."

பாப்பா நோட்டீஸைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"அது எங்க புக்குல இல்லையேம்மா..."

முதலில் வந்தது கோபம்தான். கை ஓங்கியாயிற்று. அடி விழவில்லை, ஆனால் பிள்ளை அழுதுவிட்டாள். அப்புறம் வந்தது பயம். மூன்று வருஷமாக ப்ரோக்ரஸ் கார்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எட்டாவது வரைக்குமே தான் எப்படித் தட்டுத் தடுமாறி வந்தோம் என்பது அவருக்கு நினைவிருக்கிறது. யாரும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டதில்லை. கடைசி பெஞ்சில் இருந்தார், 'மக்கு' என்றார்கள், நின்றுவிட்டார்.

தெருவில் முன்பு இல்லம் தேடிக் கல்வி வகுப்பு எடுத்த அக்காவிடம் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த அக்கா ஒவ்வொன்றாக எழுதிக் காட்டிக் கேட்டார். படம், மரம், பழம் எல்லாம் சரியாக வந்தது. மேகம் 'மெகம்' ஆனது. கோழி 'கொழி' ஆனது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குழம்பிக் கிடந்தன. "எழுத்து தெரியுது அக்கா. கொம்புதான் பிரச்னை. வாக்கியத்துக்கு இன்னும் வரல" என்றார் அவர். அந்த அம்மாவுக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது. 'படிப்பு ஏறல' என்பதற்கு மருந்து கிடையாது, கொம்பு குழம்புகிறது என்றால் இருக்கிறது.

கணக்கில் கதை வேறு மாதிரி. தெருமுனைக் கடையில் 38 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு 50 ரூபாய் கொடுத்தால், 12 ரூபாய் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கிவருவாள். நோட்டில் 52-லிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் விடை 26! எட்டிலிருந்து இரண்டைக் கழித்தால் ஆறு, ஐந்திலிருந்து மூன்று போனால் இரண்டு. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்ற கேள்வியே இல்லை, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டாள். இது கவனக்குறைவு இல்லை. கடன் வாங்குவது புரியாத பிள்ளைகள் உலகம் முழுக்கச் செய்கிற தப்பு. தப்புக்கும் ஒரு தர்க்கம் இருக்கிறது. பேப்பரில் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டால் அந்தத் தர்க்கம் யார் கண்ணிலும் படாது.

கடைக் கணக்குக்கும் நோட்டுக் கணக்குக்கும் இடையில் இருக்கும் இந்தப் பள்ளத்தை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழுவின் ஆய்வு 2025-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் 1,436 சிறுவர் சிறுமிகளிடம் சோதித்தார்கள். கிலோ கணக்கில் காய் வாங்கினால் என்ன விலை, மீதி எவ்வளவு என்பதை மனக்கணக்காகவே கிட்டத்தட்ட எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதே அளவு சிரமம் உள்ள கணக்கை, ஏன், அதைவிட எளிய கணக்கைக்கூட ஸ்கூல் பாணியில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது பலருக்கும் வரவில்லை. பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும், வியாபார அனுபவம் இல்லாத பிள்ளைகளிடம் இது அப்படியே தலைகீழ். நோட்டுக் கணக்கு வந்தது, சந்தைக் கணக்கு வரவில்லை. அறிவு இருக்கிறது. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் போக ஸ்கூலும் பாலம் போடவில்லை, சந்தையும் போடவில்லை.

இனி கொஞ்சம் எண்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தார்கள்? கிராமப்புற இந்தியாவில் 2018-ல் 27.3 சதவிகிதம். கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல் 20.5. 2024-ல் 27.1. தமிழ்நாட்டில் 2018-ல் 10.2 சதவிகிதமாக இருந்தது, 2022-ல் 4.8-க்குச் சரிந்தது. நூறில் ஐந்து பிள்ளைகள்! இந்த எண் வந்தபோது டீக்கடை முதல் டி.வி வரை சண்டை நடந்தது. ஒரு மொழிக் கதையை இன்னொரு மொழிக் கதையோடு ஒப்பிட்டு மாநிலங்களுக்கு ரேங்க் போடுவது சரியில்லைதான். கொம்பும் காலும் சுழியும் கொண்ட நம் எழுத்து முறைக்கு அதற்கே உரிய காலம் பிடிக்கும். ஆனால், தமிழ்க் கதையை வைத்தே எடுத்த இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையில் பாதிக்கும் கீழே போனதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

நடந்தது என்ன என்று தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அடுத்த மாதமே சோதித்தபோது, அதே ஊர்களில் 2019-ல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். மொழிப்பாடத்தைவிடக் கணக்கில் அடி பலம். ஆனால், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்வாசி, சாயங்கால இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குக் கோயில் மண்டபத்திலும் வீட்டு வாசலிலும் பாய் விரித்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களின் வேலை அது. பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு தேவையா என்ன?

சரி, அளந்தாலே போதுமா? உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் முன்பு ஒரு சோதனை செய்தார்கள். சில கிராமங்களில் பள்ளி நிர்வாகத்தில் ஊராருக்கு என்ன உரிமை என்று கூட்டம் போட்டு விளக்கினார்கள். வேறு சில கிராமங்களில் கூடுதலாக, பிள்ளைகளைச் சோதித்து 'உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் நிலைமை இது' என்று அட்டை தயாரித்துக் காட்டினார்கள். இரண்டாலும் பிள்ளைகள் வாசிப்பதில் மாற்றம் ஏதும் இல்லை. மூன்றாவது வகைக் கிராமங்களில் இவற்றோடு உள்ளூர் இளைஞர்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் பழக்கினார்கள். அவர்கள் நடத்திய வகுப்புக்கு வந்த பிள்ளைகள்தான் முன்னேறினார்கள். காய்ச்சல் எத்தனை டிகிரி என்று தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் காய்ச்சல் இறங்குமா?

அளந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு 'பிரதம்' கண்ட வழி எளியது. தினமும் கொஞ்ச நேரம் 'நீ எந்த வகுப்பு' என்பதை மறந்துவிட்டு, எழுத்துப் படியில் நிற்கும் பிள்ளைகளை ஒரு குழுவாக, சொல் படியில் நிற்கும் பிள்ளைகளை இன்னொரு குழுவாக உட்காரவைத்து, அந்த இடத்திலிருந்து தொடங்குவது. தமிழ்நாட்டில் 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்றுதான் பிரித்தார்கள். பெயர் வைத்தவர் யாரோ, கைகொடுக்க வேண்டும். மொட்டில் இருக்கும் பிள்ளையை யாரும் மக்கு என்று திட்ட முடியாது.

ஆனால், ஆசிரியர்கள் தரப்பில் ஒரு குறை உண்டு, அதில் நியாயமும் உண்டு. சோதனை முடிவை ஆப்பில் ஏற்றவே நேரம் போய்விடுகிறது, நெட் கிடைக்காமல் செல்போனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நிற்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். மலராத பிள்ளைக்குப் போக வேண்டிய அரை மணி நேரம் சர்வருக்குப் போனால், அது யாருக்கான சோதனை?

வந்தவாசிப் பக்கத்துப் பாப்பா இப்போது பஸ் போர்டுகளை வாசிக்கிறாள். 'சேத்துப்பட்டு' கொஞ்சம் இழுக்கிறது. கடன் வாங்கும் கழித்தலுக்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். பத்து ரூபாய் நோட்டு ஐந்து, ஒரு ரூபாய் நாணயம் இரண்டு. "இதுல 38 ரூபாய் எனக்குக் குடு." நாணயம் பத்தாது. ஒரு நோட்டைச் சில்லறை மாற்றினால்தான் முடியும். மாற்றிவிட்டு, அதையே நோட்டில் எழுதச் சொன்னார். இரண்டு வாரம் பிடித்தது.

உங்கள் வீட்டில் செய்து பார்க்க அசர் தாளெல்லாம் வேண்டாம். பிள்ளை இதுவரை பார்க்காத சின்னக் கதை ஒன்று, எளிதான நாலு வாக்கியங்கள், சில சொற்கள், சில எழுத்துகள் போதும். எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். தம்பி தங்கைகளை வேடிக்கை பார்க்கவிட வேண்டாம். நடுவில் திருத்தவும் வேண்டாம். தடுமாறினால் ஒரு படி இறங்குங்கள், நன்றாக வரும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். எந்தப் படி என்று காலண்டர் தாளின் பின்னால் தேதியோடு குறித்துவையுங்கள். தினம் இருபது நிமிடம் அந்தப் படியிலிருந்து சொல்லிக்கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். அப்போது வேறு கதையைக் கொடுங்கள்... பழைய கதை அதற்குள் மனப்பாடம் ஆகியிருக்கும்!