மாதத்துக்கு எவ்வளவு?

பேர்னில் ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனபோது அப்பாவும் கூட வந்தார். விற்பனையாளர் லீசிங் தவணையையே திரும்பத் திரும்பச் சொன்னார்: 48 மாதம், மாதத்துக்கு இவ்வளவு. கட்டிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்பா தன் டொச்சில் கேட்டார்: "மொத்தமா எவ்வளவு? அதில எவ்வளவு குறைப்பீங்கள்?"

8.1 வீத வரியும் சேர்த்து விலை எழுதி வைத்திருக்கும் நாட்டில் பேரமா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. விற்பனையாளர் கூசவில்லை. 1500 பிராங்க் கழிவு தந்தார். விண்டர் டயரும் சேர்த்தார்.

வீட்டில் கணக்குப் பார்த்தோம். லீசிங்காரர் கேட்கும் வோல்காஸ்கோ காப்புறுதி அந்தக் கழிவை ஒரு வருடத்திலேயே விழுங்கிவிடும். தவணை முடிந்தாலும் கார் என்னுடையதில்லை. கையெழுத்துப் போடவில்லை.

இப்போது காசு சேர்க்கிறேன். அடுத்தமுறை அந்தக் கேள்வியை நானே கேட்பேன்.