செத்த செட்டின் நம்பர்

2009 டிசம்பரில் வெலிங்டனில் ஒரு செல்போன் கடையின் சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்து, ஒரே ஐ.எம்.இ.ஐ. நம்பரை, அதாவது ஒரு செட்டின் அடையாள எண்ணை, பல செட்டுகளில் ஏற்றினேன். எத்தனை செட் என்று கணக்கு இல்லை. கணக்கு எழுதி வைக்கக்கூடாத வேலை என்று தெரிந்தேதான் எழுதாமல் விட்டேன். முதலாளி சொன்னார், நான் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய். முதலாளி ‘ஏதாவது வழி இருக்கா பாரு’ என்று மட்டும்தான் கேட்டார். வழியைத் தேடிக் கண்டுபிடித்தவன் நான்.

அந்தக் காலத்து சைனா செட்டுகளை மறந்திருக்கமாட்டீர்கள். இரண்டு சிம், பெரிய ஸ்பீக்கர், டார்ச், சிலதில் டி.வி. ஆன்டெனாகூட இருக்கும். பெயர் பெற்ற கம்பெனி செட் விலையில் பாதிகூட வராது. வெலிங்டன் ராணுவ ஊர். மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர், ஸ்டாஃப் காலேஜ், பக்கத்தில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை என்று சம்பளக்காரர்கள் நிறைய. அவர்களெல்லாம் பில் போட்டு நல்ல செட் வாங்கிப்போனார்கள். சைனா செட் வாங்கியது பெரும்பாலும் தேயிலை எஸ்டேட் ஆட்கள். லைன் வீட்டில் இருந்துகொண்டு திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன பிள்ளையோடு பேசுவதற்கு அவர்களுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

அந்த நவம்பர் 8ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதி வரை பெய்த மழையை நீலகிரியில் இருந்தவர் யாரும் மறக்கமாட்டார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அச்சனக்கல் பக்கம் வீடுகளோடு மண் சரிந்தது. மாவட்டம் முழுக்க 40க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டது, மலை ரயில் நின்றது. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதைச் செல்போனில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். டவர் கிடைத்த இடத்திலெல்லாம் ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதே மாதம் 30ஆம் தேதி நள்ளிரவோடு, ஐ.எம்.இ.ஐ. இல்லாத செட்டுகளின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டிருந்தது. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எந்த செட்டிலிருந்து யார் பேசினார் என்று அடையாளம் தெரியாத போன்கள் நாட்டில் இருக்கக்கூடாது என்பது அரசின் முடிவு. கெடு சில முறை தள்ளிப்போய் கடைசியில் அந்தத் தேதியில் வந்து நின்றது. நாடு முழுக்க சுமார் 2.5 கோடி செட்டுகள் என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் கடைக்கு வந்த சைனா செட்டுகளில், அந்த நம்பரைக் காட்டும் *#06#ஐ அடித்தால் பலவற்றில் 15 சைபர் வரும். சிலவற்றில் ஒன்றுமே வராது. டிசம்பர் 1ஆம் தேதி காலையில் அந்த செட்டுகளில் டவர் காட்டவில்லை.

“தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் பேசிச்சுப்பா” என்று ஒரு அக்கா செட்டை மேஜைமேல் வைத்தார். அந்த மழைக்குப் பிறகு இருபது நாளாகத் தன் தங்கச்சி வீட்டோடு தினமும் பேசிக்கொண்டிருந்தவர் அவர்.

என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கழித்துப் போட்ட செட்டுகள் கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து போர்டு எரிந்துபோன ஒரு நோக்கியா 1100ஐ எடுத்தேன். பேட்டரியைக் கழற்றினால் அடியில் வெள்ளை ஸ்டிக்கரில் 15 இலக்க நம்பர் இருக்கும். அக்காவின் செட்டை கேபிளில் மாட்டி, கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேரைத் திறந்து, அந்த நம்பரை அடித்து ஏற்றினேன். செட்டை அணைத்துப் போட்டதும் டவர் வந்தது. அக்கா அங்கேயே நின்று தங்கச்சிக்குப் போன் போட்டார். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன். அடுத்து வந்தவருக்கும் அதே நோக்கியா நம்பர்தான். அதற்கு அடுத்தவருக்கும் அதேதான்.

சொந்தமாக ஒரு நம்பரை ஏன் கட்டவில்லை என்றால், ஐ.எம்.இ.ஐ. மனம்போல எழுதுகிற எண் இல்லை. முதல் 8 இலக்கம் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பதைச் சொல்லும். அடுத்த 6 அந்த ஒரு செட்டுக்கு மட்டும் உரிய வரிசை எண். கடைசி ஒன்று, முன்னால் உள்ள பதினாலையும் வைத்துக் கணக்குப் போட்டு வருகிற சரிபார்ப்பு எண். உலகத்தில் ஒரு செட்டுக்கு ஒரு நம்பர் என்பதுதான் அதன் பொருளே. செத்த செட்டின் நம்பரை எடுத்தால் கணக்கும் உதைக்காது, உரிமை கேட்டும் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலம் குறையாகிவிடும். சட்டப்படி வழி ஒன்று இருந்தது. செல்லுலார் ஆபரேட்டர்கள் சங்கம் அரசின் அனுமதியோடு அதிகாரபூர்வ மையங்கள் வைத்து, 199 ரூபாய்க்கு ஒவ்வொரு செட்டுக்கும் அதற்கென்றே தனி நம்பர் போட்டுக் கொடுத்தது. அது எனக்குத் தெரியும், பேப்பரில் படித்திருந்தேன். மேஜைக்கு முன்னால் நின்ற ஒருவருக்கும் சொல்லவில்லை. ரோடு அடைபட்டுக் கிடக்கிறது, கூலி ஆள் வேலையை விட்டுவிட்டு எங்கே இறங்கிப்போவார், நான் செய்வது உதவி என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னேன். உதவி என்றால் நூறு ரூபாய் எதற்கு? ரோடு திறந்தபிறகும் ஏன் சொல்லவில்லை? இரக்கமும் காசும் அந்த மேஜையில் கலந்து கிடந்தன. இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். எஸ்டேட் லைன் வீட்டுப் பையன் ஒருவன் கடைக்கு வந்தான். அவன் அம்மா கொடுத்த செட் அவன் கையில் இருந்தது. ஏதோ ஒரு திருட்டு வழக்கில் ஒரு செட்டின் ஐ.எம்.இ.ஐ. நம்பரை வைத்துத் தேடியபோது, அந்த நம்பரில் ஓடிய சிம்கள் பல வந்திருக்கின்றன. அதில் ஒன்று இவனுடையது. கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். “அண்ணா, இது நம்ம கடையிலதானே அம்மா சரிபண்ணாங்க. ஒரு பில் இருந்தா குடுங்கண்ணா, காட்டிட்டு வந்துடறேன்” என்றான்.

பில் இல்லை என்றேன். அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ‘உன் செட்டில் இருப்பது உன் நம்பர் இல்லை, நான் ஏற்றியது, வா நானே வந்து சொல்கிறேன்’ என்று சொல்லியிருக்கவேண்டும். நான் போய்ச் சொல்லியிருந்தால் அவன் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பான். அவன் சில நாள் கூலியை இழந்து நடையாய் நடந்தான். கடைசியில் அவன்மேல் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதி அவனுக்காக வந்ததில்லை, எனக்காக வந்தது. அன்று ராத்திரி கேபிளையும் சாஃப்ட்வேர் இருந்த சிடியையும் குப்பையில் போட்டேன். அதை நான் திருந்தியதாக எண்ணமாட்டேன். தடயத்தை அழித்தேன், அவ்வளவுதான்.

2020 ஜூனில் மீரட் காவல்துறை, ஒரே ஐ.எம்.இ.ஐ. நம்பரில் 13,500க்கும் மேற்பட்ட போன்கள் ஓடுவதைக் கண்டுபிடித்து வழக்குப் போட்ட செய்தியைப் படித்தேன். நான் ஏற்றியது அதில் ஒரு துளிகூட இருக்காது. ஆனால் ஒரு நம்பரை இரண்டாவது செட்டில் ஏற்றும்போதே முதல் செட்டுக்காரரின் அடையாளம் போய்விடுகிறது. அவர் போன் தொலைந்தால் தேடமுடியாது. தொலைந்த செட்டை முடக்கினால் இன்னொருவர் போனும் சேர்ந்து முடங்கும். வேறொருவர் செய்த குற்றம் அவர் வாசலில் வந்து நிற்கும். ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஊரில், நாட்டுப் பாதுகாப்புக்கென்று போட்ட உத்தரவை நூறு ரூபாய்க்கு ஓட்டையாக்கினேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. ஐ.எம்.இ.ஐ.யை மாற்றுவது 2017இல் வந்த விதிகளிலேயே குற்றம். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இப்போது வேறு கடையில் அதே சர்வீஸ் வேலைதான் பார்க்கிறேன். பழைய செட் வாங்க வருகிறவர்களிடம் காசு கொடுக்கும் முன்னால் ஒன்றைச் செய்யச் சொல்கிறேன். *#06# அடியுங்கள். வருகிற நம்பரும் டப்பாவில் உள்ள நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்கவேண்டும். பிறகு ஆங்கிலத்தில் கே ஒய் எம் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த 15 இலக்கத்தைப் போட்டு 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். பதிலில் வருகிற கம்பெனிப் பெயரும் மாடலும் உங்கள் கையில் இருக்கும் செட்டோடு பொருந்தவேண்டும். நான் ஏற்றிய செட்டுகளை அன்று இப்படிப் பார்த்திருந்தால் எல்லாமே நோக்கியா என்று பதில் வந்திருக்கும். கறுப்புப் பட்டியலில் உள்ளது, டூப்ளிகேட், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று வந்தால் அந்த செட்டைத் தொடாதீர்கள். 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம், தொலைந்த செட்டை முடக்கவும் செய்யலாம். அதே பெயரில் உள்ள ஆப்பை எல்லாப் புதுப் போனிலும் கட்டாயமாக்க 2025 நவம்பர் கடைசியில் உத்தரவு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3ஆம் தேதி திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது சரிதான் என்று நினைக்கிறேன். விருப்பம் இல்லாதவருக்கு எஸ்.எம்.எஸ். போதும்.

வெலிங்டனில் இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். ஐ.நா. அமைதிப்படைக்குப் போய்த் திரும்பிய வீரர், துபாயில் இருக்கும் மச்சான் என்று யாராவது வெளிநாட்டு செட் கொண்டுவந்திருப்பார்கள். அதைக் காட்டி ‘இது அசல்தானா?’ என்று கேட்பார்கள். அது அசல்தான். ஆனால் அசல் என்பது வேறு, இந்தியாவுக்கென்று சான்று பெற்றது என்பது வேறு. 2015 முதல் இங்கே விற்கிற செல்போனுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.இல் பதிவு கட்டாயம். டப்பாவிலோ செட்டிங்ஸிலோ பி.ஐ.எஸ். முத்திரையோடு ஆங்கில ஆர் எழுத்தும் 8 இலக்கமும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது என்று வரும். கதிர்வீச்சு அளவிலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. இங்கே 2012 செப்டம்பரிலிருந்து 1 கிராம் திசுவுக்குக் கணக்கிட்டு கிலோவுக்கு 1.6 வாட் உச்சவரம்பு. ஐரோப்பாவில் 10 கிராமுக்குக் கணக்கிட்டு 2 வாட். பல செட்டுகளில் *#07# அடித்தால் தெரியும். அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 14இல் சிம் போட இடமே இல்லை, இ-சிம் மட்டும்தான். அது தெரியாமல் வாங்கிவந்து சிம்மைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவரைப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த ஒருவர் பழைய செட் ஒன்றைக் கொண்டுவந்தார். எங்கேயோ ரொக்கமாகக் கொடுத்து வாங்கியது, பில் இல்லை. 14422இலிருந்து டூப்ளிகேட் என்று பதில் வந்தது. பக்கத்தில் வேலை கற்றுக்கொள்ளும் பையன், “அண்ணா, பாவம்ணா. வேற நம்பர் ஏத்திக் குடுத்துடலாமா?” என்று கேட்டான். அவன் முகத்தில் உண்மையான இரக்கம் இருந்தது. என் முகத்திலும் அன்றைக்கு அது இருந்திருக்கும்.

முடியாது என்றேன். வந்தவருக்கு எனக்குத் தெரிந்த இந்தியில், விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள் என்று விளக்கினேன். சாயங்காலம் கடை சாத்தியபிறகு பையனை உட்காரவைத்து, நோக்கியா நம்பரையும் லைன் வீட்டுப் பையனையும் பற்றி முழுக்கச் சொன்னேன். இதை இன்னொரு மனிதரிடம் நான் சொன்னது அதுதான் முதல் முறை. “அந்த அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டான். அவருக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கிறார்கள், குன்னூரில் ஜீப் ஓட்டுகிறார், எதிரில் பார்த்தால் நின்று பேசுவார். இன்னும் சொல்லவில்லை என்றேன். இந்த இதழ் வருவதற்கு முன்னால் நேரில் போய்ச் சொல்லிவிடுவதாக அவனிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.