ராமு-சான், ஒஸுவாரி!

நாய்க்குத் தாய்மொழி எது? இந்த விஷயத்துக்கு எங்கள் வீட்டில் பட்டிமன்றமே நடந்தது. நடுவர் மட்டும்தான் இல்லை.

டோக்கியோவில் நிஷிகசாய் என்று ஒரு பேட்டை. நம்மவர்கள் நிறைய இருப்பதால் கறிவேப்பிலைக்குக்கூடப் பஞ்சமில்லை. அங்கே எங்கள் வீட்டுக்கு ஒரு ஷிபா குட்டி வந்து சேர்ந்தான். நரி மூஞ்சி, சுருட்டிய வால், ஜமீன்தார் தோரணை. ஆசையாக 'ராமு' என்று பெயர் வைத்தோம். அப்புறம்தான் மகள் சொன்னாள், ஜப்பான்காரர்கள் 'ரம்' என்ற சரக்கைச் சொல்வதே 'ராமு' என்றுதானாம்! அக்கம்பக்கத்தார் என்ன நினைத்தார்களோ, 'ராமு-சான்' என்று மரியாதையாகவே கொஞ்சினார்கள்.

வந்த வாரமே குழப்பம். நான் "உட்காரு" என்பேன். அவர் "சிட்" என்பார். மகள் "ஒஸுவாரி" என்பாள். ராமு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொட்டாவி விட்டுப் படுத்துக்கொள்வான். பூங்காவில் பழக்கமான பாட்டிதான் வழி சொன்னார்: "ஒரு வேலைக்கு ஒரே சொல். வீடு முழுக்க அதையே சொல்லுங்கள்."

சரி, எந்த மொழி? திருச்சியிலிருந்து அம்மா போனில், "தமிழ் தெரியாத நாயை எப்படிடி கொஞ்சறது?" என்றாள். அவரோ, "பார்வையில்லாதவங்களுக்கு வழிகாட்டற நாய்க்கே இங்க இங்கிலீஷ்லதான் சொல்லித் தர்றாங்க, தெரியுமா?" என்றார். அது நிஜம்தான். ஜப்பானியத்தில் ஆண் பேச்சு ஒரு தினுசு, பெண் பேச்சு ஒரு தினுசு, ஊருக்கு ஊர் வேறு தினுசு. நம்மிடமே உட்காரு, ஒக்காரு, குந்து என்று எத்தனை! நாய் என்ன அகராதியா வைத்திருக்கிறது?

மகள்தான் தீர்ப்புச் சொன்னாள். "நாளைக்கே பூகம்பம் வந்து நாம ஆளுக்கொரு பக்கம் போயிட்டா, ராமுகிட்ட யாரும்மா பேசுவாங்க? ஜப்பான்காரங்கதானே?" யாரும் வாய் திறக்கவில்லை. 2011 பூகம்பத்துக்கும் சுனாமிக்கும் பிறகு, தப்பித்து ஓடும்போது செல்லப் பிராணிகளையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று 2013-ல் சுற்றுச்சூழல் அமைச்சகமே வழிகாட்டி வெளியிட்டது. கூண்டுக்குள் சமர்த்தாக இருக்கவும், சொன்ன சொல் கேட்கவும் முன்பே பழக்கி வையுங்கள் என்பதும் அதில் உண்டு.

ஆக, ஜப்பானியம். அவித்த சர்க்கரைவள்ளித் துண்டை மூக்குக்கு மேலே தூக்கினால் தலை மேலே போகும், பின்பக்கம் தானாகத் தரையில் படியும். அந்த நொடியில் "ஒஸுவாரி!" உடனே கிழங்கு. குழந்தைகளிடம் அம்மாக்கள் சொல்கிற சொல்லாம். அதில் வரும் 'ஒ' மரியாதைக்கு! கைகொடுக்க "ஒத்தே". மறுகை கொடுக்க "ஒகவாரி". சாப்பாட்டில் 'இன்னொரு தடவை போடு' என்பதற்கும் அதே சொல்தான். படுக்க "ஃபுஸே". கூண்டுக்குள் போக மட்டும் "ஹவுஸ்". அவர் கட்சிக்குக் கிடைத்த ஒரே சீட்!

கஷ்டமானது "மத்தே", அதாவது 'பொறு'. முதல் நாள் ஒரு விநாடி, மறுநாள் இரண்டு. "யோஷி" என்று உத்தரவு கொடுத்த பிறகுதான் தட்டில் வாய் வைக்கலாம். ஒரு மாதம் மல்லுக்கட்டினோம்.

ஒரு சாயங்காலம் வாசலில் நிற்கிறேன், தரை ஆடியது. பெரிய ஆட்டமில்லை. ஆனால் மிரண்ட ராமு, வாரை உருவிக்கொண்டு மெயின் ரோடு பக்கம் பாய்ந்தான். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதிரே சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பையன், "மத்தே!" என்று ஒரு அதட்டல் போட்டான். பிரேக் போட்ட மாதிரி நின்றான் ராமு. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ரோட்டிலேயே அழுதேன்.

ராமுவோடு சேர்ந்து எனக்கும் பாஷை வந்தது. "அரிகாதோ"வோடு நின்ற நான், இப்போது பூங்காப் பாட்டிகளோடு அரைமணி நேரம் வம்பளக்கிறேன். அம்மாவும் போனில் "ஒஸுவாரிடா கண்ணா" என்கிறாள்.

இன்னொரு முன்னேற்றம். முன்பெல்லாம் பசி வந்தால் சமையலறைக்குள் புகுந்து பாத்திரத்தைத் திறந்து பார்க்கும் இவர், இப்போது தட்டின் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"ஏங்க, சாப்பிடலையா?"

"நீ இன்னும் 'யோஷி' சொல்லலையே!"