எதை அறுப்பது, எதை விடுவது

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில், மேன்ஸ்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சுரங்க ஊர். ஒட்டினாற்போல் கட்டிய இரட்டை வீடுகளின் வரிசையில், ஒரு வீட்டை ஒட்டி ஒற்றைக் கார் மட்டும் நிற்கிற அளவுக்கு ஒரு கராஜ். கதவைத் தூக்கினால் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் ஓர் இரும்புக் கூடு தெரிகிறது. ஓர் அங்குலச் சதுரக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக வெல்டிங் செய்து, கறுப்புப் பவுடர் கோட்டிங் கொடுத்த சேசிஸ். ஃபைபர் மூக்கும் மட்கார்டுகளும் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. என்ஜின் ஒரு மூலையில் பலகை மேல் இருக்கிறது. மற்றதெல்லாம் அட்டைப் பெட்டிகளில்.

கிட் கார் என்றால் இதுதான். பணம் கட்டினால் கம்பெனி சேசிஸையும் தகடுகளையும் அனுப்பிவிடும். அதைக் காராக்குவது வாங்கியவர் பாடு. நாட்டிங்ஹாமில் இருக்கும் நண்பர் ஒருவர் மூலம் இந்தக் கராஜுக்குப் போனேன். கட்டுபவர்கள் அப்பாவும் மகளும். அப்பா தோர்ஸ்பி நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவர். 2015இல் சுரங்கம் மூடும்வரை அங்கேதான் வேலை. மகள் பல் லேபில் கிரவுனும் பொய்ப்பல்லும் செய்பவர். இருவருக்குமே, ஒரு பொருள் இன்னொன்றோடு பொருந்தவில்லை என்றால் கோபம் வருவதில்லை. வெர்னியரைத்தான் தேடுகிறார்கள்.

வீட்டில் கார் கட்டும் வழக்கம் பிரிட்டனில் வேரூன்றியதற்கு வரி ஒரு பெரிய காரணம். அங்கே முழுக் காருக்கு விற்பனையின்போது ‘பர்ச்சேஸ் டாக்ஸ்’ என்ற கனமான வரி இருந்தது. உதிரிப் பாகங்களாக வாங்கினால் அது கிடையாது. லோட்டஸ் நிறுவனத்தை நடத்திய காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த ‘லோட்டஸ் செவன்’ இந்த இடுக்கில்தான் வளர்ந்தது. கதவு இல்லை, கூரை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, எடை மிகக் குறைவு. கிட்டோடு பூட்டும் முறையைச் சொல்லும் புத்தகம் தந்தால் வரி விழும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்கள், வாங்கியவர்கள் அதைப் பின்னாலிருந்து படித்துப் பூட்டினார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. 1973இல் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்து பழைய வரி போனபோது அந்த லாபமும் போய்விட்டது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டரம் நிறுவனத்துக்குக் கைமாறியது. வரிச் சலுகை போன பிறகும் வழக்கம் நிற்கவில்லை. 1996இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு புத்தகம் எழுதினார். சேசிஸையே வீட்டில் வெல்டிங் செய்துகொள்ளும் ஒரு தலைமுறை அதிலிருந்து கிளம்பியது.

இந்தக் கராஜில் இருப்பதும் செவன் சாயல்தான். என்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹப், பிரேக் எல்லாம் ஒரு பழைய மாஸ்தா எம்எக்ஸ்-5இலிருந்து கழற்றியவை. இப்படி உறுப்பு கொடுக்கும் வண்டியை டோனர் என்பார்கள். ஒரு காலத்தில் ஃபோர்டு எஸ்கார்ட்டும் சியராவும் டோனர்களாக இருந்தன. அவை அரிதாகிப் போனபின் 1989இல் வந்த எம்எக்ஸ்-5 அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. என்ஜின் முன்னால் நீளவாக்கில், இழுவை பின்சக்கரத்தில். செவனுக்கு வேண்டியது அதே அமைப்புதான். இந்த வண்டிகளில் கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடும் பின் மட்கார்டும் துருப்பிடித்து உளுத்துப்போகும்போது என்ஜின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். உடம்பு போன வண்டி மலிவாகக் கிடைக்கும்.

நான் போனபோது முன்சக்கரத்தைச் சேசிஸோடு பிணைக்கும் விஷ்போன் என்ற கவையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விஷ்போனின் முனையில் ஒரு புஷ். புஷ்ஷுக்குள் எஃகுக் குழல். அந்தக் குழல், சேசிஸில் வெல்டிங் செய்த இரண்டு காதுகளுக்கு நடுவே உட்கார வேண்டும். போல்ட் குறுக்கே போகும். குழல் உட்காரவில்லை. மகள் வெர்னியரை வைத்துப் பார்த்தார். காதுகளுக்கு இடையே குழலின் நீளத்தைவிட அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பற்றாக்குறை. பவுடர் கோட்டிங் ஒரு முகத்துக்கு நூறு மைக்ரான் வரை ஏறும். இரண்டு முகமும் சேர்ந்தால் 0.2 மில்லிமீட்டர். வெல்டிங் ஆறும்போது காது கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து வழியை அடைத்துவிட்டன.

சுத்தியல் பெஞ்ச் மேலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. அப்பா தட்டை அரத்தை எடுத்து, காதின் உள்முகத்தில் குழல் படும் வட்டத்தை மட்டும், ஒரே திசையில் தள்ளித் தள்ளி ராவினார். கறுப்பு போய் வெள்ளி தெரிந்ததும் நிறுத்தி, குழலை நுழைத்துப் பார்த்து, மறுபடி இரண்டு தள்ளு. கடைசியில் குழல் விரல் அழுத்தத்துக்கே உள்ளே போனது. வெற்று இரும்பில் துத்தநாகப் பெயின்டைத் தொட்டு வைத்தார்.

அடுத்த பிராக்கெட்டில் நேர் எதிரான சிக்கல். காதுகள் விரிந்து நின்றன. புஷ் லொடலொடவென்று ஆடியது. “போல்ட்டை இறுக்கினா காது தானா வந்து ஒட்டிக்குமே?” என்று கேட்டேன்.

“ஒட்டும். அதுதான் ஆபத்து,” என்றார் அப்பா. “காது வளைஞ்ச நிலையிலேயே வண்டி ஓடும். ஒவ்வொரு பள்ளத்துலயும் அந்த வெல்டிங்தான் வாங்கும். ஒரு நாள் விரிசல் விடும்.”

அதனால் இடைவெளியை வாஷரால் நிரப்புகிறார்கள். எந்தப் பக்கம் எத்தனை என்பதும் முக்கியம். மேல் விஷ்போனில் எல்லா வாஷரையும் முன்பக்கமே போட்டால் சக்கரத்தின் மேல்முனை பின்னுக்குப் போகும். காஸ்டர் கோணம் மாறும். வளைவில் ஸ்டியரிங்கைத் தளர்த்தினால் அது தானாக நேருக்கு வர வேண்டும். அந்தக் குணம் காஸ்டரில் இருக்கிறது. இலேசான வண்டிகளில் அது எளிதில் வராது. அரசாங்கப் பரிசோதனையில் அதையும் பார்ப்பார்கள். பத்துக் காசு வாஷர் ஸ்டியரிங்கின் குணத்தையே மாற்றுகிறது.

கம்பெனிமேல் குறை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “அவங்க பிராக்கெட் அவங்க படத்துப்படி சரி. என் புஷ் என் படத்துப்படி சரி. ரெண்டு சரியும் சேர்ற இடத்துலதான் வேலை இருக்கு,” என்றார்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பது சுவரில் தொங்கும் வெள்ளைப் பலகையில் இருக்கிறது. மகளின் கையெழுத்தில் மூன்று பத்திகள். முதல் பத்தி, தொடவே கூடாதவை: ஸ்டியரிங் தண்டு, பிரேக், ஹப், விஷ்போன், சீட் பெல்ட் பிடிப்புகள். இரண்டாவது, யோசித்துவிட்டு மாற்றலாம் என்பவை: என்ஜின் மவுண்ட், ரேடியேட்டர் பிடிப்பு, எக்ஸாஸ்ட். மூன்றாவது, தாராளமாக அறுக்கலாம் என்பவை: அலுமினியத் தகடு, ஃபைபர், டாஷ்போர்டு. இரண்டு பாகம் மோதும்போது முதலில் பலகையைப் பார்க்கிறார்கள். எந்தப் பத்தி கீழோ அதுதான் விட்டுக்கொடுக்க வேண்டும். அறுப்பதற்கு எது எளிது என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. உடைந்தால் எது ஆளைக் கொல்லும் என்பதை வைத்துத்தான் வரிசை.

பிறகு என்ஜினை ஏற்றியபோது, ஸ்டியரிங் தண்டில் இது சோதனைக்கு வந்தது. ஓட்டுநர் கையிலிருந்து முன்னாலுள்ள ஸ்டியரிங் ரேக் வரை தண்டு நேராகப் போக வழியில்லை. இரண்டு யூனிவர்சல் ஜாயின்ட் வைத்து வளைத்துக் கொண்டுபோக வேண்டும். இரண்டு ஜாயின்ட்டின் கவைகளும் ஒன்றுக்கொன்று இசைவாக நிற்க வேண்டும். தவறினால் நாம் ஒரே சீராகத் திருப்பினாலும் ரேக் விட்டுவிட்டு வேகமாகவும் மெதுவாகவும் திரும்பும். எல்லாம் பார்த்துப் பூட்டிய பிறகு தண்டு என்ஜின் மவுண்ட் பிராக்கெட்டின் ஓரத்தில் உரசியது. தண்டை ஒரு பக்கம் கிரைண்டரில் ஓட்டினால் நொடியில் தீர்ந்துவிடும். அதற்குப் பதில் என்ஜினைச் செயின் பிளாக்கில் மறுபடி தூக்கி, பிராக்கெட்டைக் கழற்றி, அட்டையில் புது வடிவம் வெட்டி, அதைத் தடித்த இரும்புத் தகட்டில் வரைந்து, புதிதாகவே ஒன்று செய்தார்கள். ஒரு வார இறுதி அதிலேயே போனதாம்.

எம்எக்ஸ்-5 என்ஜின் உயரம். செவனின் பானெட் தாழ்வு. பானெட்டை மூடினால் மூடிக்கொள்கிறது. ஆனால் என்ஜினின் மேல்மூடியான கேம் கவருக்கும் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று கண்ணால் பார்க்க வழியில்லை. மகள் பிளாஸ்டிசின் களிமண்ணை உருட்டி, கேம் கவரின் மேல் ஐந்தாறு இடங்களில் அப்பினார். அது ஒட்டாமலிருக்க மேலே கொஞ்சம் டால்கம் பவுடர். பானெட்டை வைத்து, கிளிப்பைப் பூட்டி, திறந்தார். உருண்டைகள் அப்பளமாகியிருந்தன. ஒவ்வொன்றையும் பிளேடால் நடுவே வெட்டி, வெட்டிய விளிம்பை வெர்னியரில் அளந்தார். பின்பக்கம் இடம் தாராளம். முன்பக்கம் ஒன்று தாளாக மெலிந்திருந்தது.

“நிற்கும்போதே இவ்வளவுதான். என்ஜின் ரப்பர் மேல உட்கார்ந்திருக்கு, முறுக்கினா ஆடும்,” என்றார் மகள். “கியர் மாத்துற ஒவ்வொரு தடவையும் மோதும், அப்பா.”

என்ஜினை இறக்கலாம். இறக்கினால் அடியில் எண்ணெய்த் தொட்டி தரைக்கு நெருங்கும். ஒரு வேகத்தடை போதும், அது கிழிய. அந்தத் தொட்டியைக் குட்டையாக்கி வெல்டிங் செய்யலாம். எண்ணெய்க் கொள்ளளவு குறையும். பலகை வேறு வழி சொன்னது: பானெட்டை அறு. மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் கோடு போட்டு, கோட்டுக்கு உள்ளேயே ரம்பத்தை ஓட்டி, மீதியை அரத்தால் எடுத்தார்கள். மேலே ஃபைபரில் ஒரு சிறு புடைப்பு வரும்.

துளை போட்டதும் வேறொரு கணக்கு தொடங்கியது. வீட்டில் கட்டிய காரை ரோட்டில் ஓட்ட ஐவிஏ என்ற தனி வாகன ஒப்புதல் வேண்டும். 1998இலிருந்து எஸ்விஏ என்ற பெயரில் இருந்த பரிசோதனையின் இடத்தில் 2009இல் இது வந்தது. அரசுப் பரிசோதனை நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மணிக்கணக்காக ஒரே வண்டியைப் பார்ப்பார். வெளிப்பக்க விளிம்புகளைப் பார்ப்பதற்கு ஒரு உருண்டை இருக்கிறது. விட்டம் 100 மில்லிமீட்டர். அந்த உருண்டை வந்து தொடக்கூடிய எந்த விளிம்பும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். சாலையில் நடப்பவர் மேல் வண்டி மோதினால் தகடு கத்தியாகக்கூடாது என்பதற்காக. ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டின் விளிம்பில் அந்த ஆரம் எங்கிருந்து வரும்? U வடிவ ரப்பர் பட்டையை விளிம்பில் அழுத்திப் பொருத்துகிறார்கள். ரப்பர் தடிப்புக்கு இடம் விட்டுத்தான் துளையையே அறுத்திருக்க வேண்டும். மகள் விட்டிருந்தார். அந்த விதிப் புத்தகத்தை அச்சடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலில் டிக் போட்டுக்கொண்டு வருகிறார்.

வண்டிக்குள் கடைசியாகப் பொருந்த வேண்டியது ஆள். பெடல் கூண்டு அவ்வளவு குறுகல். கியர்பாக்ஸ் சுரங்கம் ஒரு பக்கம், சேசிஸ் குழாய் மறுபக்கம். அப்பா தன் வேலைப் பூட்ஸோடு உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். ஆக்சிலரேட்டரும் சேர்ந்து இறங்கியது. பெடல், வெள்ளைப் பலகையின் எந்தப் பத்தியில் வருகிறது என்று அவரே அண்ணாந்து பார்த்தார். பிரேக், முதல் பத்தி. இப்போது அவர் கார் பந்தயக்காரர்கள் போடும் ஒடுங்கிய ஷூ ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்.

நம்மூரில் இதைச் செய்ய முடியுமா என்று வாசகர் கேட்பார். செய்தவர்கள் உண்டு. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. பாஹா என்ற வண்டி கட்டும் போட்டிக்காக நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் குழாய் வளைத்து, வெல்டிங் செய்து, வண்டி கட்டுகிறார்கள். எல்லாம் தடத்தோடு சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. புது வண்டிக்கு ஒப்புதல் என்பது தயாரிப்பாளர் தன் மாதிரியைச் சோதனைக்குக் கொடுத்து, அந்த ரகத்துக்கே வாங்குவது. ஒரே ஒரு வண்டி கட்டியவருக்கு அந்த வாசல் பொருந்தாது.

நம் சாலைகளில் ஓடும் முரட்டு மாற்றங்களைப் பார்த்தால் அந்தத் தடையின் நியாயம் புரியும். ஆனால் நாட்டிங்ஹாம்ஷயர் கராஜில் அந்த அப்பாவுக்கும் மகளுக்கும் ஒழுங்கு கற்றுத் தந்ததில் அந்தப் பரிசோதனைக்கும் பங்கு உண்டு. ஒருவர் உருண்டையை வைத்துப் பார்ப்பார் என்று தெரிந்ததால்தான் பலகையில் மூன்று பத்தி வந்தது. கிரைண்டரை எடுக்கத் தோன்றும் நேரத்தில் அட்டையை எடுத்தார்கள். கை வேலைக்கு இங்கே குறைவில்லை. கட்டியவர் கொண்டுவந்து நிறுத்தும் ஒற்றைக் காரை ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்க்க ஓர் இன்ஸ்பெக்டரை நியமித்தால், கோவையிலும் கிண்டியிலும் பட்டறைகளில் அரம் பிடிக்கும் விதமே மாறும்.