பதக்கம் அணிந்தவரின் விலைப்பட்டியல்

1972 மே 10. வட வியட்நாம் வானில் ஒரே நாளில் மூன்று மிக்-17 போர் விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார் ராண்டி கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கக் கடற்படை விமானி. அதற்கு முன்பே இரண்டு எதிரி விமானங்களை வீழ்த்தியிருந்தார். திரும்பும் வழியில் அவருடைய ஃபாண்டம் விமானத்தை ஏவுகணை தாக்கியது. எதிரி மண்ணில் இறங்கினால் சிறைதான். எரிகிற விமானத்தைக் கடல் வரைக்கும் ஓட்டிவந்து, அவரும் பின்னிருக்கையில் இருந்த வில்லி டிரிஸ்கலும் குதித்தார்கள். ஹெலிகாப்டர் வந்து மீட்டது. அந்தப் போரில் ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்திய கடற்படை விமானி அவர் ஒருவர்தான். மெடல் ஆஃப் ஹானருக்கு அடுத்த நிலையில் உள்ள நேவி கிராஸ் பதக்கத்தை அவர் நெஞ்சில் குத்தினார்கள்.

அதே மனிதர் 33 ஆண்டுகள் கழித்து, 2005 நவம்பர் 28 அன்று, சான் டியேகோ நீதிமன்றத்தில் லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்டார். வெளியே வந்து செய்தியாளர்கள் முன் அழுதார். வாங்கியது குறைந்தது 24 லட்சம் டாலர்.

தைரியசாலி என்றால் நேர்மையாளராகவும்தான் இருப்பார் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். இந்த வயதில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வானத்தில் யோசிக்க நேரம் கிடையாது. பழகிய கையும் கண்ணும் வேலை செய்கின்றன. ஒருவர் பரிசோடு வீட்டுக்கு வரும்போது உயிருக்கு ஆபத்து இல்லை, அவசரமும் இல்லை. மனத்துக்குச் சாக்குத் தேட வேண்டிய நேரம் கிடைத்துவிடுகிறது.

1987இல் ஓய்வுபெற்ற கன்னிங்ஹாம், 1990 தேர்தலில் வென்று நாடாளுமன்றத்தின் கீழவைக்குப் போனார். போர்வீரர் என்ற பெயர் வாக்குகளைக் கொண்டுவந்தது. ராணுவச் செலவுக்குப் பணம் ஒதுக்கும் துணைக்குழுவிலும் இடம் பெற்றார். ஒப்பந்தக்காரர்கள் சுற்றிவரத் தொடங்கினார்கள். ரோல்ஸ் ராய்ஸ் கார், பாரசீகக் கம்பளம், பழங்கால மர அலமாரிகள் வந்து சேர்ந்தன. தலைநகரில் அவர் தங்கியிருந்த படகும் ஒரு ஒப்பந்தக்காரருடையதே. ‘டியூக்’ என்ற அவருடைய செல்லப் பெயரைச் சேர்த்துத்தான் அந்தப் படகுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒரு சிறு தாள். நாடாளுமன்ற முத்திரை பதித்த தாளில், எந்த ஒப்பந்தத்துக்கு எவ்வளவு என்று விலைப்பட்டியலே எழுதியிருந்தார். 1 கோடியே 60 லட்சம் டாலர் ஒப்பந்தம் வேண்டுமானால் 1,40,000 டாலர் பெறுமானமுள்ள படகின் உரிமை தர வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் 50,000 டாலர். தொகை 2 கோடியைத் தாண்டினால் அது 25,000 ஆகக் குறையும். உயிரைக் கொடுக்கத் துணிந்து சேவை செய்த நாட்டின் முத்திரைக்குக் கீழே, மொத்த வியாபாரத்துக்குத் தள்ளுபடி! கூச்சம் ஒரேயடியாகப் போவதில்லை. முதல் பரிசை வாங்கும்போது கொஞ்சம் போகும், அடுத்ததில் இன்னும் கொஞ்சம். முழுவதும் போன பிறகுதான் ஒரு மனிதரால் இப்படி எழுதிவைக்க முடியும்.

நாட்டுக்காகவோ ஊருக்காகவோ வீட்டுக்காகவோ ஒரு பெரிய நன்மை செய்துவிட்டு, ஆயுள் முழுக்க அதற்கு வட்டி வசூலிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘நான் பட்ட பாட்டுக்கு இதுகூடக் கிடையாதா?’ என்ற கேள்வி மனத்தில் எழுந்துவிட்டால் போதும், கை தானாக நீளும். அந்தக் கேள்வியில் ஒரு நியாயமும் ஒளிந்திருப்பதால்தான் அது இத்தனை ஆபத்தானது.

கன்னிங்ஹாமைப் பிடித்துக்கொடுத்தது பொதுப் பதிவேடு. 2003இல் தம் வீட்டை ஒரு ராணுவ ஒப்பந்தக்காரரின் நிறுவனத்துக்கு 16,75,000 டாலருக்கு விற்றார். வாங்கியவரோ 7 லட்சம் டாலர் நட்டத்துக்கு அதை மறுபடி விற்றார். அந்த வட்டாரத்தில் வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மார்கஸ் ஸ்டெர்ன் என்ற செய்தியாளர் இந்த முரண்பாட்டைக் கவனித்து 2005 ஜூனில் எழுதினார். ஆறு மாதத்துக்குள் எல்லாம் வெளியே வந்தது. பெரிய வீரராயிற்றே என்று ஸ்டெர்ன் தயங்கியிருந்தால் விலைப்பட்டியல் இன்னும் நீண்டிருக்கும்.

2006 மார்ச்சில் நீதிபதி லாரி பர்ன்ஸ் தண்டனை வழங்கினார். நீங்கள் நனைந்து கிடக்கவில்லை, குளிரில் வாடவில்லை, பசித்திருக்கவுமில்லை, அப்படியிருந்தும் இதையெல்லாம் செய்தீர்கள் என்றார். அதிகபட்சம் 10 ஆண்டு கொடுக்கலாம். அரசுத் தரப்பு அதைத்தான் கேட்டது. நீதிபதி போர்க்காலச் சேவையையும் எண்ணிப்பார்த்து 8 ஆண்டு 4 மாதம் என்று தீர்த்தார். 2021இல் அதிபர் டிரம்ப் கன்னிங்ஹாமுக்கு நிபந்தனையுடன் மன்னிப்பு அளித்தார். என் மனம் அந்த நீதிபதியின் பக்கம்தான். 1972இல் காட்டிய வீரத்தை நினைத்து 20 மாதம் கழித்தது நியாயம். மிச்சம் 100 மாதம் சிறையில் இருக்கச் சொன்னதும் நியாயம்.